பாதியில் திரும்பிய காயில்

நான் வடிவமைத்த ஒலிபெருக்கிப் பெட்டியில் ஒரு குறையும் கிடையாது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரியில் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு பள்ளியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். லென்ஸ் துடைப்பது, காந்தங்களை எண்ணி அடுக்குவது, மறுபடி எண்ணுவது. வெளியே இதுதான் வேலை. உள்ளுக்குள் நான் ஒலிப் பொறியாளன். (உள்ளுக்குள் இருந்ததால் சம்பள உயர்வுக்கு அது உதவவில்லை.)

அந்த நாளில் எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் தென்னை மரத்தில் கட்டிய கூம்புக் குழாய்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடுவது மாதிரி இருக்கும். நான் செய்ய நினைத்தது வேறு. ஒரே மரப்பெட்டிக்குள் இரண்டு ஸ்பீக்கர்: தவில் மாதிரியான கனத்த சத்தத்துக்குப் பெரியது, ஜால்ரா மாதிரியான கூர்மையான சத்தத்துக்குச் சின்னது. வருகிற பாட்டைப் பிரித்து அதது போகவேண்டிய இடத்துக்கு அனுப்புவதற்கு நடுவில் ஒன்று வேண்டும். அதற்கு கிராஸ்ஓவர் என்று பெயர். கல்யாண வாசலில் நின்றுகொண்டு, "சைவம் இந்தப் பக்கம், கறிச்சோறு அந்தப் பக்கம்" என்று ஆளைப் பார்த்துப் பந்திக்கு அனுப்பும் தாய்மாமன் வேலை அது.

அதற்குக் கண்டென்சர்கள் வேண்டும், கடையில் கிடைத்தன. காயில்கள் வேண்டும், கடையில் கிடைக்காது, செம்புக் கம்பியை நாமே சுற்ற வேண்டும். எத்தனை சுற்று? ஒரு மாதம் லாகரிதம் புத்தகத்தோடு குடும்பம் நடத்திக் கண்டுபிடித்தேன்: நூற்றெண்பது. என் கல்யாணத் தேதி மறந்தாலும் மறக்கும், இந்த எண் மறக்காது. (மறந்தும் இருக்கிறது. வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.)

முதல் பெட்டிக்கான இரண்டு காயில்களையும் நானே சுற்றினேன். கோழி கிளறிய வைக்கோல் மாதிரி இருந்தன. ஆனால் பாட்டுப் போட்டதும், சவரம் செய்துகொண்டிருந்த அப்பா பாதிக் கன்னத்தில் நுரையோடு வந்து நின்று கேட்டுவிட்டு, "பரவாயில்லையே" என்றார். என்னைப் பற்றி அவர் வாழ்நாளில் சொன்ன மிக நீளமான பாராட்டு அது. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

தேசிங்கு என் பள்ளித் தோழன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். பத்தாம் வகுப்பு அவனை இரண்டு முறை கைவிட்டதும் கடலுக்குப் போய்விட்டான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. குழாய் செட்டுக்குச் சொல்லிவைத்திருந்த அவன் மாமா ஏழுமலையிடம் நானே போய் நின்று, "மாமா, குழாய் கத்தும். என் பெட்டி பேசும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, பொண்ணு வூட்டுக்காரங்க பாட்டு கேட்டாத்தான் ஊருக்குள்ள காலு வெப்பாங்க. அது எங்க மொற. பேஜாரு ஆயிடாதே?"

"என் பொறுப்பு மாமா."

குழாய் செட்டு வேண்டாம் என்று அன்றே சொல்லியனுப்பிவிட்டார். என் பொறுப்பு என்று சொன்ன வாய் இது. இன்றைக்கும் கண்ணாடியில் பார்த்தால் அதே வாய்தான்.

கல்யாணத்துக்காக இடது, வலது என்று இரண்டாவது பெட்டியும் செய்துகொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேசிங்கு என் காயிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா மச்சான் இது? நண்டு கடிச்சுப் போட்ட வல மாதிரி கீது."

"பார்க்க அப்படித்தான் இருக்கும். வேலை செய்யுது."

"என் கண்ணாலத்துல இத்தையா வெப்ப? குடு. நாலையும் நான் சுத்தித் தரேன். நூலு சுத்துறது எங்களுக்கு சோறு துன்ற மாதிரி."

எனக்கும் சபலம் தட்டியது. நல்லபடி வேலை செய்துகொண்டிருந்த இரண்டு காயில்களையும், அழகில்லை என்ற ஒரே குற்றத்துக்காக, என் கையாலேயே பிரித்தேன். இரண்டு பெட்டிக்குமான கம்பியையும் நான்கு மரக்கட்டை உருளைகளையும் அவனிடம் கொடுத்தேன். "ஒன்றுக்கு நூற்றெண்பது. ஒன்று கூடக் கூடாது, ஒன்று குறையக் கூடாது" என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் எண்ணிக்கையை மட்டுமே சொன்னேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காயில்கள் கிடைத்தன. அடடா, அவை காயில்களா, நகைகளா! கம்பிக்குக் கம்பி ஒட்டி, ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல், வெயிலில் தகதகவென்று. மீட்டரை வைத்துக் கம்பி அறுபடவில்லை என்று மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் பொருத்தினேன். பாட்டுப் போட்டுப் பார்க்கவில்லை. அழகாக இருக்கும் பொருள் தப்புச் செய்யாது என்று நம்பிய வயது.

மறுநாள் பிற்பகல், குப்பத்துப் பொதுக் கொட்டகையில் பெட்டிகளை வைத்தேன். நடுவில் ரெக்கார்ட் பிளேயர், நானே செய்த ஆம்ப்ளிஃபயர். ஊரே சுற்றி உட்கார்ந்திருந்தது. சும்மா இருந்தேனா? கிராஸ்ஓவர் என்றால் என்ன என்று கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். மீன் கூடையோடு நின்றிருந்த ஒரு அம்மா, "பாட்டு வருமா, இந்தப் புள்ளைதான் பேசிகினு இருக்குமா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

பெண் வீட்டார் ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தது. இடது பெட்டியை இணைத்தேன். ஊசியை இறக்கினேன். கர்ரென்று ஒரு சத்தம், ஃபியூஸ் போய்விட்டது. கடல்காற்றைக் குறை சொன்னேன். வேறு ஃபியூஸ் போட்டேன். அதுவும் போனது. குப்பத்துக் கரண்ட்டைக் குறை சொன்னேன். மூன்றாவது முறை, ஃபியூஸ் இருந்த இடத்தில் மிச்சமிருந்த தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்தேன். (இயற்பியல் ஆய்வுக்கூட உதவியாளன்! மாணவர்களுக்கு இதைச் செய்யாதே என்று சொல்லிக்கொடுப்பவன்!) இந்த முறை ஃபியூஸ் போகவில்லை. ஆம்ப்ளிஃபயரின் இடது பக்கத்திலிருந்து புகை வந்தது.

ஏழுமலை மாமா மூக்கை உறிஞ்சினார். "இன்னா தம்பி, கருவாடு சுடுறியா?"

நான் பிளக்கைப் பிடுங்கினேன். எல்லையிலிருந்து பெண்ணின் சித்தப்பா ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். "பாட்டு இல்லாத வூட்டுக்குப் பொண்ண எப்டி இட்டாறது? இஷ்டமில்லன்னா சொல்லுங்க, திரும்பிக்கிறோம்." மாமா என்னைத் திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

கையில் காப்பு கட்டி, முகத்தில் சந்தனத்தோடு மாப்பிள்ளை ஓடிவந்தான்.

"நீ எண்ணினதுல தப்பு" என்றேன். வேறு யார்மேல் போட?

"நானா? நீ பிரிச்சு எண்ணு. ஒண்ணு கொறஞ்சா என் மீசைய எடுத்துக்கறேன்."

ஒரு காயிலை வெளியே எடுத்துப் பிரித்தேன். அவன் உரக்க எண்ணினான், கூட்டமும் எண்ணியது. எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, தொண்ணூறு. அங்கே கம்பி ஒரு சின்னக் கொக்கி போட்டு, அழகாகத் திரும்பி, எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது.

"தேசிங்கு, இது என்னடா?"

"பின்ன? ஒரே பக்கமா சுத்துனா முறுக்கு வுழும் மச்சான். கயிறானாலும் நூலானாலும் பாதி இப்டி, பாதி அப்டி. எங்க நைனா கத்துக்குடுத்தது. உனக்குன்னு பாத்துப் பாத்து சுத்திகீறேன்."

கயிற்றுக்கு அது சரி. காயிலுக்கு அது சாவு. தொண்ணூறு சுற்று செய்த வேலையை எதிர்த்திசைத் தொண்ணூறு அப்படியே அழித்துவிடும். மின்சாரத்தைத் தடுத்து நிறுத்த வேண்டிய காயில், வாசலைத் திறந்துவைத்து வாங்க வாங்க என்றிருக்கிறது. என் தாய்மாமன் பந்தியைப் பிரிக்கவில்லை, தூங்கிவிட்டார். ஆம்ப்ளிஃபயர் தாங்குமா?

அந்த இக்கட்டிலும் என் மனதில் முதலில் தோன்றியது என்ன தெரியுமா? 'அப்பாடா, கணக்கு சரி.'

ஆம்ப்ளிஃபயரின் வலது பக்கம் இன்னும் உயிரோடு இருந்தது. வலது பெட்டியை நான் இணைக்கவே இல்லை. (சோம்பலும் ஒரு பாதுகாப்புக் கருவிதான்.) ஒரு பெட்டிக்கு இரண்டு காயில். அவற்றைப் பிரித்துக் கொடுத்தேன். பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்து சுற்றினான். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு, "ஒரே பக்கமா சுத்து, ஒரே பக்கமா சுத்து" என்று ஜெபித்தேன். நான் அரை நாள் எடுத்துக்கொண்ட வேலை அவனுக்குப் பத்து நிமிடம் ஆனது. ஈயம் வைத்து ஒட்டினேன். செம்புக் கம்பியை எறிந்துவிட்டு ஒழுங்கான ஃபியூஸ் போட்டேன். ஊசியை இறக்கிய அவசரத்தில் ரெக்கார்ட் நடுவிலிருந்து ஆரம்பித்தது.

நாதஸ்வரம். பெரிய ஸ்பீக்கரில் தவில் நெஞ்சில் இடித்தது. சின்னதில் ஜால்ரா, கழுவித் துடைத்த மாதிரி, தனியாக.

ஏழுமலை மாமா பெட்டிக்கு முன்னால் வந்து குனிந்தார். காதை மேலே வைத்தார், பிறகு கீழே வைத்தார். "ஜால்ரா தனியா கேக்குதுப்பா. உள்ள இன்னா, ரெண்டு பேரு கீறாங்களா?"

எல்லையில் நின்ற வண்டி நகர்ந்தது. மணப்பெண் அஞ்சலை உள்ளே வரும்போது, மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் ஈயமும் கரியுமாக இருந்ததைப் பார்த்து, "கண்ணாலத்துக்கு வந்தியா, ரேடியோ ரிப்பேருக்கு வந்தியா?" என்றாள். அவர்கள் தாம்பத்தியத்தில் முதல் வாக்கியம் அது. நான் வாங்கிக்கொடுத்தது.

இரண்டு ஆண்டு கழித்துச் செங்கல்பட்டில் எனக்குக் கல்யாணம். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கினியைச் சுற்ற எழுந்தேன். மண்டபம் அமைதியாக இருந்தது. பின்வரிசையிலிருந்து, அலைக்கு மேலே கூப்பிட்டுப் பழகிய குரல் ஒன்று வந்தது:

"மச்சான், ஒரே பக்கமா சுத்து. பாதியில திரும்பிடாத."

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பங்களிலும் இது மந்திரத்தோடு சேர்ந்துவிட்டது. என் மகள் கல்யாணத்தில் அஞ்சலை சொன்னாள். ஆரத்தி சுற்றினால் சொல்கிறார்கள், திருஷ்டி கழித்தால் சொல்கிறார்கள், புது ஸ்கூட்டரோடு கோயிலைச் சுற்றினால் சொல்கிறார்கள். என்ன ஏதென்று தெரியாத புரோகிதர் ஒருவர், நல்ல சம்பிரதாயமாக இருக்கிறதே என்று மற்ற வீடுகளிலும் சொல்ல ஆரம்பித்திருப்பதாகக் கேள்வி.

அந்த வலது பெட்டி தேசிங்கு வீட்டில் இன்னும் பாடுகிறது. காயிலை அவன் சுற்றினான் என்று ஊருக்கே தெரியும். நூற்றெண்பது என்று சொன்னது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால்தான் எழுதிவைக்கிறேன்.