புளி போட்டுத் தேய்த்த ஜப்பான் செம்பு

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து மையில் விழுந்த எறும்பு கரையேறிப் போன தடம் மாதிரி இருக்கும். எழுத்துப் பிழைகளும் உண்டு. எந்த இடத்தில் எந்த ‘ள’ வரும் என்பதை ஒரு குத்துமதிப்பில்தான் போடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். பள்ளிக்கூடத்தைக் கேட்டால் கதையை வேறு மாதிரிச் சொல்லும். எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று கேட்ட ஆசிரியை அக்காதான் இந்தத் தாள்களைத் தட்டச்சுச் செய்யப் போகிறார். அக்கா, கேட்டது நீங்கள். பொறுத்துக்கொள்ளுங்கோ.

என்னைப் போன்ற கூச்சக்காரர்களிடம் ஒரு ஆபத்து இருக்கிறது. வாயால் சொல்ல வேண்டியதை நாங்கள் கையால் செய்துவிடுவோம். ‘நன்றி’ என்று ஒரு சொல் சொல்லக் கூச்சப்பட்டு, ஆட்களின் வீட்டுத் தோட்டத்தைக் கொத்திக் கொடுத்தவன் நான். (அவர்கள் நட்டு வைத்திருந்த பூக்கன்றுகளையும் சேர்த்துத்தான் கொத்தினேன். அது வேறு கதை.)

என் மூத்த மகள் தர்சிகா படிப்பு முடித்ததும் வங்கியில் வேலை பழகுவாள் என்று நானும் மனைவியும் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தோம். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் அவள், “நான் செம்பு அடிக்கப் பழகப் போறன்” என்றாள். மனைவியின் கையில் இருந்த அகப்பை அந்தரத்தில் நின்றது. இங்கே ஜெர்மனியில், பக்கத்து நகரமான டுசல்டோர்ஃபில் ஒரு ஜப்பான் பெண்மணி இருக்கிறாராம். செம்புத் தகட்டைச் சுத்தியலால் அடித்து அடித்தே பாத்திரமாக்குகிறவர். பெயர் ஃபிரவ் மோரி (‘ஃபிரவ்’ என்றால் திருமதி). தொழில் பழக ஒரே ஒரு பிள்ளையைத்தான் எடுப்பாராம், அந்த இடத்துக்கு இன்னொரு பெட்டையும் கேட்டிருக்கிறாளாம், யாரென்று திங்கட்கிழமை சொல்வாராம். அதற்கு முன் வரும் சனி, ஞாயிறில் பொதுமக்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது, தர்சிகா அதில் உதவிக்கு நிற்க வேண்டும்.

“நீங்களும் வகுப்புக்கு வாங்கோ அப்பா. ஒருக்கா வந்து பாருங்கோ. பிறகும் பிடிக்கேல்லை எண்டால் நான் பாங்குக்கே போறன்.”

அவள் பந்தயம் வைத்தது அவளுடைய வாழ்க்கையை. அதைக் கொண்டுபோய் என் கையில் கொடுத்திருந்தாள், பாவம்.

சனிக்கிழமை வாசலிலேயே எனக்குச் சறுக்கியது. உள்ளே போகும் முன் சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்பதை மகள் சொல்ல மறந்துவிட்டாள். என் காலுறையின் ஓட்டையால் பெருவிரல் முழுசாக வெளியே வந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னது. என்னோடு மூன்று ஜெர்மன்காரர். அதில் வெர்னர் என்பவர் ஓய்வு பெற்ற பஸ் சாரதி. தரையில் சம்மணம் கட்டி உட்கார வேண்டும் என்றதும் வெர்னர் தன் முழங்கால்களோடு நெடுநேரம் பேச்சுவார்த்தை நடத்தினார். நான் சட்டென்று உட்கார்ந்தேன். அந்த இரண்டு நாளிலும் நான் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

ஒரு வட்டத் தகட்டைத் தந்தார்கள். அதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, இளகியதும் சுத்தியலால் அடிக்க வேண்டும். இறுகினால் மறுபடியும் நெருப்பு. மற்றவர்களுக்குக் கிண்ணம் வந்தது. எனக்கு லொறி ஏறிய பிட்டுப் பானை வந்தது. ஃபிரவ் மோரி அதைக் கையில் எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது மிகவும் சுதந்திரமான வடிவம் என்றார். திட்டக்கூடத் தெரியாத மனுசி.

ஆனால் என் மகளைப் பார்த்தேன். சுத்தியல் அவள் கையில் மழை பெய்வதுபோல் ஒரே தாளத்தில் விழுந்தது. வீட்டில் தேநீர்க் கோப்பையைக் கழுவும்போது இரண்டாக உடைப்பவள் அவள். நல்லது பிள்ளை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. கூச்சம்.

அன்று மாலை நாங்கள் இருக்கும் வுப்பர்டாலுக்குத் திரும்பி மனைவியிடம் எல்லாம் சொன்னேன். பிள்ளை கெட்டிக்காரி, டீச்சர் தங்கமான மனுசி. ஒரே ஒரு குறை. யன்னலோரத் தட்டில் ஒரு பெரிய செம்புக் குடம் கறுத்துப் போய் இருக்கிறது, தேய்க்க நேரமில்லைப் போல.

மனைவி இரக்கப்பட்டாள். “தனியாள், பாவம். இஞ்ச ஜப்பான்காரருக்குப் புளி எங்க கிடைக்கப் போகுது? நாளைக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ.” என் சாப்பாட்டுப் பையில் ஒரு உருண்டைப் புளியைக் கடதாசியில் சுற்றி வைத்தாள். இந்தக் கட்டுரையில் என் பங்கை நான் ஒப்புக்கொள்கிறேன். அவள் பங்கையும் அவள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் எல்லாரும் பக்கத்துக் கடையில் நூடில்ஸ் சூப் சாப்பிடப் புறப்பட்டார்கள். அந்நியர் முன்னால் இரண்டு குச்சியோடு சண்டை பிடிக்க வெட்கப்பட்டு, வயிறு சரியில்லை என்று நான் நின்றுவிட்டேன். போகும்போது தர்சிகா சொன்னாள்: “அப்பா, ஒண்டையும் தொடாதேங்கோ.”

ஓம் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

பையில் இருந்த இடியப்பத்தைச் சாப்பிட்டு முடித்ததும் புளி உருண்டை கையில் தட்டுப்பட்டது. அதைக் கொடுப்பதென்றால் ஃபிரவ் மோரியிடம் போய், இது புளி, இதால் பாத்திரம் தேய்க்கலாம், உங்கள் குடம் கறுத்திருக்கிறது என்று ஜெர்மன் மொழியில் சொல்ல வேண்டும். நினைத்தாலே வியர்த்தது. தேய்ப்பதற்குப் பேச்சு வேண்டியதில்லை. வருடக்கணக்காக ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவன் நான். பளிச்சென்ற குடத்தைப் பார்த்ததும் டீச்சரின் முகம் மலரும், திங்கட்கிழமை இடம் என் பிள்ளைக்குத்தான். கணக்குச் சரியாக இருந்தது.

கறை லேசில் விடவில்லை. நானும் விடவில்லை. அடியிலிருந்து கழுத்து வரை, வளைவுக்குள் விரல் விட்டு, கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்தேன். கழுவித் துடைத்து வெயில் படும் இடத்தில் வைத்தேன். கூரையெல்லாம் அதன் ஒளி ஆடியது. (கையில் குங்குமம் இருந்திருந்தால் பொட்டும் வைத்திருப்பேன். கடவுள் காப்பாற்றினார்.)

அவர்கள் திரும்பி வந்தார்கள். முதலில் வாய் திறந்தவர் வெர்னர்.

“ஆகா, எவ்வளவு அழகாக மினுங்குது!”

ஃபிரவ் மோரி குடத்தின் முன் மெதுவாக முழந்தாளிட்டு உட்கார்ந்தார். நான் அவர் முகத்தில் மலர்ச்சியைத் தேடினேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கும் விளங்கியது. வாயில் வந்த ஒரே ஜெர்மன் சொல்லைச் சொன்னேன்.

“சௌபர்.” சுத்தம் என்று அர்த்தம்.

“அப்பா,” என்றாள் தர்சிகா. அவள் குரல் சின்ன வயதுக் குரலாகிவிட்டது. “அது ஊத்தையில்லை அப்பா. அதுதான் நிறம்.”

மாதக்கணக்கில் அடித்து உருவாக்கிய குடமாம் அது. அந்தக் கருஞ்சிவப்பு, மருந்துத் தண்ணீரில் அவித்து அவித்து வரவைத்த நிறம். அதற்காகத்தான் ஜப்பானில் அந்தத் தொழிலையே மதிக்கிறார்களாம். கண்காட்சிக்கு எடுத்துப் போக மறுநாள் காலை ஆட்கள் வருகிறார்கள். இதெல்லாம் மகள் எனக்குச் சொல்லச் சொல்ல, நான் நின்ற பலகைத் தரை பிளக்காதா என்று பார்த்தேன். ஜெர்மன்காரர் கட்டிய தரை, பிளக்கவில்லை.

பிறகு மகள் டீச்சரிடம் திரும்பி, தனக்கு அந்த இடம் வேண்டாம், மற்றப் பிள்ளையையே எடுங்கள் என்று சொன்னாள். அழாமல் சொன்னாள்.

அதைக் கேட்டதும் எனக்குள் எங்கோ பூட்டிக் கிடந்த ஜெர்மன் எல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. இலக்கணம் இருந்திருக்காது. நான் செய்தது, பிள்ளை தொடாதே என்று சொன்னாள், என் தலையை வெட்டுங்கள், பிள்ளையின் கையைப் பாருங்கள், நல்ல கை, நேற்று முழுக்க நான் பார்த்தேன், என்னால் அவளிடம் சொல்ல முடியவில்லை, இங்கே சொல்கிறேன், நல்ல கை. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஃபிரவ் மோரி எதைப் போட்டுத் தேய்த்தீர்கள் என்று மட்டும் கேட்டார். மிச்சப் புளியை நீட்டினேன். மணந்து பார்த்தார். நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. அது சிரிப்பா வேறா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு எழுந்து சட்டைக் கைகளை மேலே மடித்துவிட்டுக்கொண்டு சொன்னார்: நிறம் ஏற்றும் முன்பு எப்படியும் சுத்தம் செய்யத்தான் வேண்டும், அந்த வேலை முடிந்தது, மற்றதை இன்றே செய்வோம். ஆனால் மருந்தில் போடும் முன் துருவிய வெள்ளை முள்ளங்கியில் தோய்க்க வேண்டும், இல்லாவிட்டால் நிறம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். முள்ளங்கி கைவசம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை முள்ளங்கிக்கு எங்கே போவது? நான் போனை எடுத்தேன்.

“இஞ்சரும், வீட்டில முள்ளங்கி கிடக்கோ?”

“கிடக்கு. நாளைக்குக் கறிக்கு. ஏன்?”

“எடுத்துக்கொண்டு உடன டுசல்டோர்ஃபுக்கு வாரும்.”

“இஞ்சருங்கோ, உங்களுக்குத் தலைக்குள்ள ஏதும் பிழையோ?”

ஆனாலும் வந்தாள். அடுத்த ரயிலிலேயே வந்தாள், கையில் பையோடு. உள்ளே வந்து பளபளத்த குடத்தைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: “நல்லாத்தானே வந்திருக்கு. ஏன் எல்லாரும் செத்தவீட்டில மாதிரி நிக்கினம்?”

முள்ளங்கி துருவும் வேலையை என்னிடம் தந்தார்கள். என்னை நம்பித் தரக்கூடியதாக மிஞ்சியிருந்த வேலை அது. விரல் நுனியையும் கொஞ்சம் சேர்த்துத்தான் துருவினேன். தர்சிகா குடத்தைக் கரித்தூளால் தேய்த்துக் கழுவித் தூக்கும்போது அது அவள் கையில் ஒரு கணம் வழுக்கியது. நான் பாய்ந்து பிடித்துவிட்டேன். கழுவிய செம்பில் வெறும் விரல் படக்கூடாதாம்; என் கைப் பெருவிரல் பட்டுவிட்டது. “அப்பா!” என்றாள். அதுவும் உதவிதான்.

முள்ளங்கியில் தோய்ந்தபின், பச்சை நிறத்தில் கொதித்த மருந்துக்குள் குடம் இறங்கியது. ஃபிரவ் மோரி எட்டி நின்றுகொண்டு, அதைப் பிடித்து ஆட்டும் பொறுப்பை மகளிடம் விட்டுவிட்டார். நாங்கள் எல்லாரும், வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய வெர்னர் உட்பட, சுற்றி நின்றோம். செம்பு முதலில் மங்கியது, பிறகு பழுத்தது, பிறகு உள்ளே விளக்கு வைத்தது போலக் கருஞ்சிவப்பாக வந்தது. என் மனைவி அதைப் பார்க்கவில்லை. அவள் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் ரயிலில் அவள் வங்கியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

அடிப்பக்கத்தில் என் பெருவிரல் அளவுக்கு ஒரு வெளிர்த் திட்டு மட்டும் நின்றுவிட்டது. ஃபிரவ் மோரி அதைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பிறகு தர்சிகாவிடம் சொன்னார்:

“நாளைக்கு ஏழு மணிக்கு வா. அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வா.”

அந்த வசனம் எங்கள் வீட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. கடைக்கு, கல்யாணத்துக்கு, மருத்துவரிடம் எங்கே புறப்பட்டாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை.

குடம் கண்காட்சியில் திட்டுப் பக்கம் சுவரைப் பார்க்க நின்றது. மகள் தொழில் பழகி முடித்த அன்று, ஃபிரவ் மோரி அதைப் பட்டுத் துணியில் சுற்றி அவளிடமே கொடுத்துவிட்டார். ஒரு கடும் சொல் சொல்லியிருந்தாலும் நியாயம். சொல்லவில்லை. அந்த மனுசிக்கு வாயால் நன்றி சொல்ல இன்னும் எனக்குக் கூச்சம். வருடத்துக்கு ஒருமுறை ஒரு பை முள்ளங்கி கொண்டுபோய் வாசலில் வைக்கிறேன். அவருக்கு விளங்கும்.

குடம் இப்போது எங்கள் சாமித்தட்டில் இருக்கிறது. பக்கத்துக் குத்துவிளக்கு மினுங்க, இது மட்டும் கறுத்து நிற்கிறது. நவராத்திரிக்கு வருகிற பெண்கள் அதைப் பார்ப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், கடைசியில் யாராவது ஒருவர், கொஞ்சம் புளி போட்டுத் தேய்க்கலாமே என்பார். இந்த முறையும் சொன்னார்கள். சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“அது ஊத்தையில்லை அக்கா. அதுதான் நிறம்.”

எல்லாரும் போன பிறகு அவள் என் பக்கத்தில் வந்து நின்று குடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“கழுத்தில மட்டும் கொஞ்சமாத் தேய்ச்சுப் பார்ப்பமோ?”

வுப்பர்டால்,
கார்த்திகை மாதம், முதல் ஞாயிறு. கடைகள் பூட்டு.