குறுக்கே நின்ற எஸ்ஓபி அங்கிள்

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. பாதி உயிரோடு ஓடி வந்த தாயை வாசலில் நிறுத்தி, "அக்கா, புக்குல சைன்" என்று கேட்கக்கூடிய மனிதர் மலாக்கா மாநிலத்திலேயே ஒருவர்தான்: பாயா ரும்புட் பக்கம் என் மகள் படிக்கும் பள்ளியின் காவலர், எஸ்ஓபி அங்கிள்.

எஸ்ஓபி, அதாவது விதிமுறை என்றால் அவருக்கு அப்படி ஒரு பிரியம். சாப்பாடு கொண்டு வந்த சொந்த மனைவியிடமே, "வந்த காரணம்?" என்று கேட்டவர். "உங்களக் கட்டிக்கிட்ட காரணம்" என்றார் அந்த அம்மா. அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

இந்த ஆண்டு பள்ளியில் புது விதி வந்தது. காதல் என்ற பேரில் ஒரு மாணவர் இன்னொருவரை மிரட்டினாலோ அடித்தாலோ பள்ளி தலையிடும். கேண்டீன் அக்கா வரை எல்லாருக்கும் ஆலோசக ஆசிரியை பயிற்சி கொடுத்தார். அங்கிள் பயிற்சியில் கொடுத்த விதித்தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டிவிட்டு, கண்ணில் பட்ட தம்பதிகளையெல்லாம் சோதிக்க ஆரம்பித்தார். புவியியல் டீச்சருக்குக் கணவர் மூன்று முறை போன் செய்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், இது கண்ட்ரோல் பண்றது லா."

"ஐயோ அங்கிள், ரைஸ் குக்கர் மூடி எங்கன்னு கேக்குறாரு!"

"மொதல்ல அப்படித்தான் ஆரம்பிப்பாங்க."

என் கணவர் பள்ளி வாசலில் என் கையிலிருந்து கார் சாவியைப் பிடுங்கியதற்கும் விசாரணை நடந்தது. வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தோம். மகள் மட்டும் சிரிக்கவில்லை. நான்தான் கவனிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பள்ளி விட்டதும், அவளோடு பழகிய பையன் வாசலிலேயே அவள் மணிக்கட்டை முறுக்கிப் போன் பாஸ்வேர்டு கேட்டிருக்கிறான். அங்கிள் தொப்பையோடு குறுக்கே போய் நின்றிருக்கிறார். அவனை ஆசிரியர்கள் அழைத்துப் போனார்கள். அவளைத் தன் காவல் அறையில் உட்கார வைத்து, "அம்மாவுக்குப் போன் பண்ணவா?" என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தேன். மணிக்கட்டு சிவந்து கிடந்தது. "ஏண்டி, இதுக்குத்தான் ஸ்கூலுக்கு..."

"அக்கா, 'ஏன்'னு ஆரம்பிக்கக் கூடாது. நாலாவது பாய்ண்ட். ஏசணும்னா என்னை ஏசுங்க."

ஏசினேன். நிஜமாகவே, மூச்சு வாங்கும்வரை. "ஆமாக்கா, சரிதான்க்கா" என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மகளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும்.

கடைசியில் ஆலோசக ஆசிரியை வந்து சேர்ந்தார். என் பக்கம் திரும்பாமல் அவளிடம் கேட்டார்: "பேசலாமாம்மா? கூட யாரு இருக்கணும்?"

"அங்கிள் இருக்கட்டும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அம்மாவும்."

எனக்கு இரண்டாவது இடம்தான். அதுவும் அந்த மனிதர் வாங்கிக் கொடுத்தது.