தட்டின் அடியில் ஒரு பொட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நீ, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் நலமென்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் குடும்பக் குழுவில் இதற்குள் ஐம்பது செய்தி வந்திருக்கும்.

"ஆராய்ச்சிக்கூடத்துல அப்படி என்னதான்டி பண்றே?" என்று பதினோரு வருஷமாகக் கேட்கிறாய். உடம்பிலுள்ள செல்லுக்குக் காலில்லை, முன்விளிம்பை நீட்டித்தான் நகரும். விளிம்பைத் தள்ளுவது உள்ளே வளரும் ஆக்டின் என்ற புரத இழைகள். அந்த இழையைப் பிடித்துக்கொண்டு ஒரு புரதம் கிளை கட்டும், ஒன்று வெட்டும், ஒன்று நுனியை அடைக்கும். முட்டி மோதுவதெல்லாம் இவை, நகர்ந்த பேர் செல்லுக்கு. உன் மாமியார் வீடு மாதிரிதான்.

கிளை கட்டும் புரதத்தை எடுத்துவிட்டால் செல் மெதுவாகத் தவழத்தான் செய்யும் என்கிறது உலகம். போன மாதம், செல் வளர்க்கும் என் தட்டில் அது ஓடியது! அதற்கு முதல் நாள்தான் பேராசிரியர் விருந்தாளிகளைக் கூட்டிவந்து, புரதம் எடுத்தது ஒன்று, எடுக்காதது ஒன்று என்று என் இரண்டு தட்டுகளையும் திறந்து திறந்து காட்டினார். நான் மூடியில் விவரம் எழுதி, புரதம் எடுத்த தட்டின் அடியில் ஒரு மைப்பொட்டும் வைப்பேன். அதற்கும் அவர் கிண்டல்: "மூடியில எழுதினது பத்தாதா, அடியில அலங்காரம் வேறயா?" மறுநாள் தலைமேல் நின்று அவர் விரட்டிய விரட்டில் அடியைப் பார்க்காமல் மூடியை மட்டும் பார்த்தே படமெடுத்தேன். "இன்னொரு தடவை செஞ்சு பார்த்துடறேன் சார்" என்றால், "முந்தினவனுக்குத்தாம்மா பேரு" என்றார்.

பேர் யாருக்கு? கட்டுரையில் முதல் பெயர் அவர் மருமகன். அவனுக்கு நுண்ணோக்கியில் விளக்கு போடத் தெரியாது. நான் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், குப்பி கழுவுகிறவருக்கும் கீழே. கேட்டால், "ஒரே குடும்பமா இருக்கோம், பேரு என்னம்மா பெரிய பேரு?" குடும்பத்தில் எனக்கு என்ன இடம் என்று உனக்குத் தெரியாதா அக்கா? அப்பாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டது நான், எல்லாரும் கையைப் பிடித்து மெச்சியது தம்பியை.

அத்தான் வக்கீல்தானே? முதல் பெயர் எனக்கு, இல்லையென்றால் கட்டுரையே வெளிவரக்கூடாது என்று காரமாக ஒரு நோட்டீஸ் எழுதித் தரச் சொல்.

பிள்ளைகளுக்கு என் ஆசி, அத்தானுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
நன்றிப் பட்டியலில் இருக்கும் உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பேராசிரியரே வந்தார். "நேத்து உன் மூஞ்சியப் பார்த்து மனசு கேக்கலம்மா. உன் பேரை முதல்ல போட்டு இதழுக்கு அனுப்பிட்டேன்" என்றார். அழுதே விட்டேன். அந்தப் பூரிப்பில் குளிர்பெட்டியிலிருந்த அந்த இரண்டு தட்டுகளையும் எடுத்து அடியைப் பார்த்தேன். பொட்டு, 'புரதம் உள்ளது' என்று மூடி சொல்லும் தட்டில் இருக்கிறது. அன்று விருந்தாளிகளுக்குக் காட்டிவிட்டு மூடிகளை மாற்றிப் போட்டிருக்கிறார் மனுஷன். ஓடியது புரதம் உள்ள செல். உலகம் சொன்னதுதான் சரி. அத்தானிடம் நோட்டீஸ் வேண்டாம் என்று சொல்லிவிடு. இதழுக்குப் போன் செய்து கேட்டேன்: கட்டுரையைத் திரும்பப் பெற முதல் பெயர்க்காரரின் கையெழுத்து ஒன்றே போதுமாம். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக என் பெயருக்கு ஒரு வேலை வந்திருக்கிறது.