கண்ணாடிச் சாமியின் வலது தட்டு

ஊருக்குள் ரோடு பிரிகிற ஆமத்தூர் விலக்கில் பஸ் நின்றால் முன்பெல்லாம் நாலு பேர் இறங்குவார்கள். அதில் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் தவறி இறங்கியவராக இருப்பார். 2009 ஆவணியில் நிலைமை தலைகீழாகிவிட்டது. விலக்கு வந்ததும் பாதி பஸ் காலி. இறங்குகிற அத்தனை பேர் வாயிலும் மாஸ்க், மூக்கின் மேல் கண்ணாடி, கையில் தேங்காய் பழப் பை. விருதுநகரிலிருந்து வந்தார்கள், வெம்பக்கோட்டையிலிருந்து வந்தார்கள், கம்பெனி வேன்களில் லோடு லோடாக வந்தார்கள்.

"கண்ணாடிச் சாமி எங்கன இருக்காக?"

"அந்தா, அங்கன வத்தல் குடோன்ல. தும்மல் சத்தம் கேக்குதுல்ல, அதைப் பாத்துப் போங்க."

தும்மலுக்குக் காரணம் இருந்தது. சாமி குடியேறிய இடம் மிளகாய் வத்தல் அடுக்கி வைத்த பழைய குடோன். மூட்டைகள் போய் ஆறு மாதமாகியும் நெடி போகவில்லை. உள்ளே கால் வைத்தவர்கள் எல்லோரும் தும்மினார்கள். சாமி அதையும் விடவில்லை. "ஒரு தும்மலுக்கு ஒரு பீடை கழியுது" என்றார். அப்படிப் பார்த்தால் விருதுநகர் வத்தல் கடைகளில் மூட்டை தூக்குகிறவர்கள் இந்நேரம் கோடீஸ்வரர்களாகியிருக்க வேண்டும். இதை யாரும் கேட்கவில்லை. தும்முவதற்கே நேரம் சரியாக இருந்தது.

நானும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை, சாமிக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்ததே நான்தான். என் பெயர் பெத்தணன். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறேன். பட்டாசு லேபிளும் அடிப்பேன், பரிகார நோட்டீஸும் அடிப்பேன். "கண்ணாடியில் புகை தெரிகிறதா? வரப்போகும் நெருப்பின் புகை அது! உடனே வாருங்கள்!" என்று சிவப்பு மையில் ஐயாயிரம் அடித்தேன். மை காய்வதற்குள் கட்டி எடுத்துப் போனார்கள்.

இந்தப் புகை எங்கிருந்து கிளம்பியது என்று சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் பன்றிக் காய்ச்சல் பயம். எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி முதலாளி தனுஷ்கோடி, சீசன் நேரத்தில் ஒரு ஆள்கூடக் காய்ச்சலில் படுத்துவிடக் கூடாது என்று எல்லோருக்கும் மாஸ்க் வாங்கிக் கொடுத்தார். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் கம்பெனியில் இலவசக் கண் முகாம் நடந்து, நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கெல்லாம் கண்ணாடி கிடைத்திருந்தது. இரண்டுமே நல்ல காரியம். இரண்டும் ஒரே முகத்தில் சந்தித்தபோதுதான் வந்தது வினை.

இரவு மழை பெய்து குளிர்ந்த ஒரு காலை. ஆறரை மணிக்கு மாரிசெல்வி திரி செருக உட்கார்ந்தாள். என் தெருவில் மூன்றாவது வீடு. இருபத்தோரு வருஷமாகத் திரி செருகுகிற கை. கண்ணாடியை மாட்டினாள், மாஸ்க்கைக் கட்டினாள், ஒரு பெருமூச்சு விட்டாள். கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக ஏறியது.

"புகை! ஓடுங்க! புகை!"

வேறு ஊரில் ஒருத்தி இப்படிக் கத்தினால் "எங்க?" என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் கேட்க மாட்டார்கள். எட்டு நிமிஷமாகும் தூரத்தை இரண்டு நிமிஷத்தில் ஓடி வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டுதான் மூச்சே விடுவார்கள். இந்த ஓட்டத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஓடாதவர்களின் படங்கள் எங்கள் வீட்டுச் சுவர்களில் மாலையோடு தொங்குகின்றன. அதில் என் தம்பி படமும் உண்டு.

போர்மேன் அய்யாதுரை ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். புகையும் இல்லை, ஒன்றும் இல்லை.

"எங்கம்மா பாத்த?"

"சத்தியமாப் பாத்தேண்ணே. கண்ணு முன்னால வெள்ளையா ஏறுச்சு. ஓடி வந்து மாஸ்க்கை அவுத்தேன், காணோம்."

மாஸ்க்கை அவிழ்த்ததும் காணோம்! விடையை அவளே சொல்லிவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த அறுபது பேரில் ஒருவர் காதிலும் அது ஏறவில்லை. மறுநாள், கூட வேலை பார்க்கும் வள்ளித்தாய்க்கும் புகை தெரிந்தது. அதற்கு மறுநாள் ஐந்து பேருக்கு. அதற்குள், செத்துப்போனவர்கள் முன்கூட்டியே புகை காட்டுகிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. பேச்சு கிளம்பிய நாலாம் நாள் வத்தல் குடோனில் சாமி இறங்கிவிட்டார். நம் ஊருக்கு டாக்டர் வர நாலு வருஷம் ஆகும், சாமி வர நாலு நாள் போதும்.

சாமியின் முறை இதுதான். தரிசனம் காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரைக்கும்தான். வெயில் ஏறினால் தெய்வம் மலையேறிவிடுமாம். பக்தரின் கண்ணாடியை வாங்கி ஒரு மண்பானைத் தண்ணீரில் முக்குவார். பட்டுத் துணியால் துடைத்து மாட்டிவிடுவார். மாஸ்க்கையும் போட்டு, "மூச்சை நல்லா விடு தாயி" என்பார். குளிர்ந்த கண்ணாடி, சூடான மூச்சு. பட்டென்று மூடிக்கொள்ளும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

"தெரியுதா? இது வரப்போற நெருப்போட புகை. யாருக்குத் தெரியுதோ அவுக உக்காந்திருக்கிற அறைதான் மொதல்ல."

பிறகு சாமி பக்கத்திலிருக்கும் தட்டிலிருந்து ஜவ்வாது மணக்கும் திருநீற்றை எடுத்துக் கண்ணாடியில் நன்றாகத் தேய்த்துத் துடைத்து மறுபடி மாட்டுவார். இப்போது எவ்வளவு மூச்சு விட்டாலும் மூடாது. கண்ணாடி பளிச்சென்று இருக்கும். காணிக்கை உண்டியலும் பளிச்சென்று இருக்கும்.

தனுஷ்கோடி முதலாளி எம்.காம். படித்தவர். சாமிக்கு முன்னால் அந்த எம்.காம். செருப்போடு வெளியே நின்றது. கண்ணாடி போட்ட பெண்களை எல்லாம் வேனில் ஏற்றி அனுப்பிவைத்தார்.

எல்லோருக்கும் புகை நீங்கியது. மாரிசெல்விக்கு மட்டும் நீங்கவில்லை. சாமி மூன்று தடவை தேய்த்தார். மூன்று தடவையும் வெள்ளையாக மூடியது. எப்படி மூடாமல் இருக்கும்? எல்லோருக்கும் குணமாகிவிட்டால் சாமியின் கடை எப்படி நடக்கும்? தீராத கேஸ் ஒன்றாவது கைவசம் வேண்டும்.

"இவளைத்தான் அது கேக்குது" என்றார் சாமி. "நாப்பத்தோரு நாள் இவ கம்பெனி வாசலை மிதிக்கப்படாது. முதலாளி ஒரு பெரிய யாகம் பண்ணணும். இல்லேன்னா எம்மேல பழி சொல்லாதீக."

நாற்பத்தோரு நாள் கழித்தால் தீபாவளிக்கு இரண்டு நாள்தான் இருக்கும். சீசன் முடிந்து கம்பெனிக்குப் பூட்டே போட்டிருப்பார்கள். புருஷனை இழந்த மாரிசெல்வி அந்தச் சீசனை நம்பித்தான் மகள் வேல்விழியைக் காலேஜில் சேர்த்திருந்தாள். அதைவிட மோசம் தெருக் குழாயில் நடந்தது. அவள் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் தள்ளிப்போனது. இருபத்தோரு வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள், "நீ தப்பா நினைக்காத மாரி, எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்றார்கள். அவள் வெறுங்குடத்தோடு திரும்பியதை நான் பார்த்தேன். என் நோட்டீஸ் அவள் வீட்டுச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அவளோடு பேசுவதை விடாதவள் வள்ளித்தாய் ஒருத்திதான். அவளும் ஐந்து அடி தள்ளி நின்றுதான் பேசுவாள். ஒருநாள் சாயங்காலம் அப்படி நின்று பேசிக்கொண்டிருக்கும்போது தூறல் விழுந்தது. வள்ளித்தாயின் கண்ணாடியிலிருந்து வெள்ளையாக ஏதோ கன்னத்தில் வழிந்தது.

"ஆத்தாடி! கண்ணாடியில பால் வடியுதே! சாமி பாலா வடியிறாரே!" என்றாள் வள்ளித்தாய்.

மாரிசெல்வி கிட்டே போய் அந்தப் பாலை விரலால் தொட்டாள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். வழுவழுவென்றது. மோந்து பார்த்தாள். ஜவ்வாது வாசத்துக்கு அடியில் இன்னொரு வாசம். தினமும் துணி துவைக்கிறவளுக்கு அது என்ன வாசம் என்று சொல்லித்தர வேண்டுமா?

அன்று அவள் தன் கண்ணாடியில் துணி சோப்பைத் தேய்த்து, மெல்லிய துணியால் துடைத்து வைத்தாள். விடிந்ததும் மாஸ்க்கை மாட்டி மூச்சு விட்டுப் பார்த்தாள். மூடவில்லை. சோப்பைக் கழுவிவிட்டு மறுபடி மூச்சு விட்டுப் பார்த்தாள். மூடியது. மூன்று நாள் விடியற்காலையிலும் இதையே செய்து பார்த்தாள். நாலாம் நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"பெத்தணண்ணே, நீங்க அடிச்ச நோட்டீஸ்ல எம் பொழப்பு போச்சு. எங்கூட ஒரு எட்டு வாங்க. நீங்க ஒண்ணும் பேச வேணாம், கூட நின்னாப் போதும்."

போனேன்.

அது வெள்ளிக்கிழமை. யாகத்துக்கு நாள் குறிக்க முதலாளியும் போர்மேனும் வந்திருந்தார்கள். குடோன் நிறையக் கூட்டம், குடோன் நிறையத் தும்மல். மாரிசெல்வியைப் பார்த்ததும் கூட்டம் தானாக வழி விட்டது. மரியாதையில் இல்லை, பயத்தில்.

"சாமி, எனக்குக் கொஞ்சம் திருநீறு குடுங்க. நாப்பத்தோரு நாளைக்கும் பூசிக்கிடணும்ல?"

சாமி மனமிரங்கி இடது தட்டிலிருந்து அள்ளிக் கொடுத்தார். பின்னாலேயே வந்த வள்ளித்தாய்க்கு, "உனக்குக் கொறை ஒண்ணுமில்ல" என்று வலது தட்டிலிருந்து கொடுத்தார். தட்டு இரண்டு இருப்பதை அதுவரை எல்லோரும் பார்த்திருந்தோம். ஏன் இரண்டு என்று ஒருவரும் நினைத்ததில்லை.

மாரிசெல்வி பையிலிருந்து இரண்டு தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். தன் கையிலிருந்ததை ஒன்றில் போட்டாள். வள்ளித்தாயின் கையிலிருந்ததை வாங்கி மற்றதில் போட்டாள். இரண்டையும் மூடிக் குலுக்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். ஒன்று கலங்கல் தண்ணீர். இன்னொன்று கழுத்து வரை நுரை.

"எல்லாரும் பாருங்க. திருநீறு நுரைக்குமா?"

சாமி லேசுப்பட்டவரா? எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்தார். "கங்கை பொங்குதம்மா, கங்கை!"

முன்வரிசையில் பத்துப் பேர் அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மாரிசெல்வி அசரவில்லை. மூன்றாவது பாட்டிலை எடுத்தாள். பையிலிருந்து துணி சோப்பை எடுத்து நகத்தால் கீறி உள்ளே போட்டுக் குலுக்கினாள். "கங்கை இங்கயும் பொங்குது. பெட்டிக்கடையில வாங்குனது."

யாரோ ஒருவர் சிரித்தார். ஒரு சிரிப்பு போதும், அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. அவள் விடாமல் தன் கண்ணாடியைப் பானையில் முக்கி எடுத்து, மாஸ்க் ஒன்றோடு சாமியிடம் நீட்டினாள்.

"இதைப் போட்டு நீங்க மூச்சு விடுங்க சாமி. உங்களுக்குத்தான் தோஷமே கெடையாதே."

"தெய்வத்தைச் சோதிக்கப்படாது."

"தெய்வத்தை யாரு சோதிச்சா? உங்களைத்தான்."

"போடுங்க சாமி, போடுங்க" என்றது கூட்டம். போர்மேன் அய்யாதுரை இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றார். வேறு வழியில்லாமல் சாமி போட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? வத்தல் நெடி வேலையைக் காட்டியது. இருபது நாளாகச் சேர்த்து வைத்திருந்த தும்மல் ஒன்றை சாமி தும்மினார். கண்ணாடி இரண்டு பக்கமும் வெள்ளையாக மூடியது.

"ஏலே, சாமிக்கே புகையுதுடா! அடுத்து எரியப் போறது குடோன்தான்!"

கண் தெரியாமல் சாமி திரும்பியதில் தட்டுகள் வைத்திருந்த பலகை கவிழ்ந்தது. அதன் அடியிலிருந்து கவர்கள் சரிந்தன. 'பொன்நுரை சோப்புத்தூள்'. அதில் பொன் என்ற எழுத்தில் மஞ்சள் கொஞ்சம் விலகி விழுந்திருக்கும். எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் மூன்று வருஷம் முன்னால் அந்தக் கவரை அடித்ததும் நான்தான். ஆர்டர் கொடுத்தவரையும் இப்போது தாடிக்குள் கண்டுபிடித்துவிட்டேன்.

"யோவ், நீ விருதுநகர் லட்சுமிகாந்தம்தானய்யா? விக்காத சோப்புத்தூளை இங்கயாய்யா வந்து தள்ளுற?"

லட்சுமிகாந்தம் கண்ணாடியைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடினார். வாசல் என்று நினைத்துச் சுவரில் முட்டி, பிறகு வாசலைக் கண்டுபிடித்து, போலீஸ் வரும் வரை அய்யாதுரையின் பிடியில் நின்றார். தனுஷ்கோடி முதலாளி யாகப் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாரிசெல்வியிடம் வந்தார்.

"திங்கக்கிழமை வேலைக்கு வந்துரும்மா."

"நாளைக்கே வாரேன் முதலாளி. எனக்கு ஏற்கெனவே எட்டு நாள் போச்சு."

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக மெஷினைத் துடைக்கப் போயிருப்பேன். மறுநாள் காலை லேபிள் கட்டுகளைக் கொடுக்கக் கம்பெனிக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் கண்ணாடியும் ஒரு துண்டு சோப்பும். வரிசைக்கு முன்னால் மாரிசெல்வி திகைத்துப்போய் நின்றாள்.

"உங் கையால தேச்சுக் குடு மாரி. உங் கைராசிக்குத்தான் புகை நிக்கும்" என்றாள் ஒருத்தி.

குழாயடியில் குடத்தைத் தள்ளி வைத்தவள் காலில் விழப் போனாள். வள்ளித்தாய் ஒரு படி மேலே போனாள். தாம்பாளத்தில் சூடத்தை வைத்து, முந்தானையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். பட்டாசுக் கம்பெனி வாசலில்! பத்தடி தள்ளி, திரி அடுக்கிய வண்டி நிற்கிறது!

மாரிசெல்வி பாய்ந்து அந்தத் தீப்பெட்டியைப் பிடுங்கிப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் எறிந்தாள். இருபத்தோரு வருஷத்தில் அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"அடியே, கம்பெனியை எரிக்கப் போறது எங் கண்ணாடி இல்லடி, உங் கையில இருந்த தீப்பெட்டி! அந்தாளை நம்புனீக, என்னைய ஒதுக்குனீக. இப்ப என்னைய நம்புறேன்னு ஊரையே கொளுத்தப் பாக்குறீக. ஒரே சோப்புதானடி, எங் கையில தேச்சா என்ன, உங் கையில தேச்சா என்ன?"

கம்பெனிச் சங்கு ஊதியது. அவள் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள். இரண்டு எட்டு போய்த் திரும்பினாள்.

"சோப்பு கடையில கிடைக்கும், வாங்கிக்கோங்க. யோசிக்கிறதுக்கும் ஒரு ஆளைத் தேடி வரிசையில நிக்காதீக."