ஜெனரேட்டர் அக்காவின் இரண்டாவது ஆல்பம்

யாங்கோனில் ஓடுகிற ஜெனரேட்டரை வாயாலேயே அடக்கக்கூடிய ஒரே ஜீவன் எங்கள் ஜெனரேட்டர் அக்காதான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். நகரின் நடுவே எங்கள் பபேடான் வட்டாரத்தில் கரண்ட் போனால் கடைக்கொரு ஜெனரேட்டர் நடைபாதையில் உறும ஆரம்பிக்கும். பக்கத்தில் நிற்பவர் காதில் கத்தினாலும் கேட்காது. அந்த இரைச்சலுக்கு மேலே, தெருமுனையில் வடை சுட்டுக்கொண்டே அக்கா பாடுவார். மூன்று தெரு தள்ளி பஸ் ஏறுகிறவர் படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்ப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது, கேட்கிற தைரியமும் வந்ததில்லை.

அக்கா பாடியது சாமிப் பாட்டும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. சோல். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் தேவாலயங்களிலிருந்து கிளம்பி வந்த பாட்டு அது. ஒருவர் நெஞ்சு வெடிக்கக் கேட்பார், கூட இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். அக்காவின் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். ஏதோ ஒரு கப்பலின் சமையல்காரர் அவருக்குக் கொடுத்த கேசட்டைத் தேயத் தேயக் கேட்டு வளர்ந்தவர் அக்கா. அதில் ஒரு வார்த்தைகூடப் புரியாது. "புரியாட்டி என்னப்பா? அழுவுறவங்களைப் பாத்து எந்த பாஷையில அழுவுறேன்னு யாராச்சும் கேப்பாங்களா?" என்பார். தானே தமிழில் பாட்டுக் கட்டினார், நடுநடுவே பர்மியம் கலந்து.

பதில் சொல்ல ஆள் இல்லாமல் அவருக்குப் பாட வராது. இந்த வியாதியின் உபத்திரவம் முழுவதும் வடை வாங்க வருகிறவர்கள் தலையில் விழும். அக்கா ஒரு வரி பாடிவிட்டுக் கரண்டியை நீட்டுவார். வந்தவர் அதைத் திருப்பிப் பாட வேண்டும். பாடினால் பொன்னிறமான வடை கிடைக்கும். வெட்கப்பட்டு நின்றால் சட்டியடியில் கருகிக் கிடப்பது கிடைக்கும். ஒரு முறை கழுத்தில் டை கட்டிய பெரிய மனிதர் ஒருவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒரு வடை கூடவே கிடைத்தது.

நான் அந்தத் தெருவில் ஓர் இரும்புக் கடையில் வேலை பார்க்கிறேன். வீடு பஸ்ஸில் போகிற தூரத்தில், மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத்தில். கோயில் பஜனையில் நான் கை தட்டுவதைப் பார்த்து அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "தப்பாத்தான் தட்டுற. ஆனா மனசாரத் தட்டுற. வா," என்றார். அன்றிலிருந்து அவருடைய குழுவில் நான் கைதட்டல்காரன். எப்போதும் அரைத் தாளம் முந்தித் தட்டுவேன். எப்போதும் திட்டு வாங்குவேன்.

உண்மையான பதில்காரன் அக்காவின் தம்பி செல்வம். பெற்றவர்கள் போன பிறகு அக்காதான் அவனை வளர்த்தார். அவன் குரல் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி இருக்கும், ஆனால் விழ வேண்டிய இடத்தில் கச்சிதமாக விழும். அக்கா கேள்வியை முடிப்பார், அவன் பதில் அங்கே காத்துக்கொண்டிருக்கும். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பாடினால் எனக்குக் கை தட்டவே மறந்துவிடும்.

முதல் ஆல்பத்தை ஒரு பெரிய ஸ்டூடியோவில் எடுத்தார்கள். அக்காவை ஒரு கண்ணாடி அறைக்குள் தனியாகப் போட்டுப் பூட்டினார்கள். செல்வத்தை வேறொரு நாள் வரச் சொன்னார்கள். கிட்டார் ஒரு நாள், டிரம் ஒரு நாள். பிறகு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒட்டி, இழுத்து, வழவழப்பாக்கிக் கொடுத்தார்கள். அக்கா முழுவதும் கேட்டார். "நல்லாத்தான் பாடுறா. யாரு இந்தப் பொம்பள?" என்று கேட்டார். அந்த ஆல்பம் கல்யாண வீடுகளில் பிய்த்துக்கொண்டு ஓடியது. அக்கா மட்டும், அந்தப் பாட்டு போட்ட கல்யாணங்களில் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போனார்.

இரண்டாவது ஆல்பத்துக்கு அவர் போட்ட சட்டம் இதுதான். எல்லோரும் ஒரே அறையில், முகம் பார்த்து, ஒரே மூச்சில் பாட வேண்டும். தப்பு வந்தால் வந்ததுதான், ஒட்டுப் போடக்கூடாது. எந்த ஸ்டூடியோவும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒலிப்பதிவு தெரிந்த கோ மின் மாட்டினார். அதே தெருவில் வளர்ந்த பர்மாக்காரர், எங்களைவிட நன்றாகத் தமிழில் சண்டை போடுவார். அக்காவை 'அமா' என்று கூப்பிடுவார். பர்மியத்தில் அக்கா என்று அர்த்தம். நாலாம் மாடியில் இருந்த அக்காவின் வீட்டுக்கே மைக்குகளைச் சுமந்துகொண்டு வந்தார். டிரம் படியேறாததால் டிரம்காரர் அரிசி டின்னைக் கவிழ்த்துப் போட்டு வாசித்தார்.

ஆல்பத்தின் முக்கியமான பாட்டு 'வந்துட்டியா'. யாங்கோனின் பழைய மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். மேலே மணி, கீழே கிளிப். வருகிறவர் கீழே நின்று இழுத்தால் மேலே மணியடிக்கும். வீட்டுக்காரர் கதவுச் சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்குவார். செல்வம் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து தினமும் அந்தக் கயிற்றை இழுப்பான். அக்கா பால்கனிக்கு வந்து "வந்துட்டியா?" என்று தெருவே அதிரக் கேட்பார். "வந்துட்டேன்க்கா!" என்பான் அவன். இந்த இரண்டு சொல்லையும் வைத்துத்தான் அக்கா பாட்டைக் கட்டினார்.

ஒலிப்பதிவு தொடங்கும் முன்பே செல்வம் ஊரைவிட்டுப் போய்விட்டான். எங்கள் தெருவில் வாலிபர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மலேசியாவுக்குத் தரைவழியாகப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினான். எல்லைப் பக்கத்திலிருந்து ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அக்கா அழவில்லை. காலையில் வடை சுட்டார், வழக்கம்போலப் பாடினார். ஒன்றே ஒன்றுதான் மாறியது. கதவுச் சாவியைக் கயிற்றின் கிளிப்பில் மாட்டி, தெருவில் கைக்கெட்டுகிற உயரத்தில் தொங்கவிட்டார். திருடன் வருவான் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்தினார்கள். "யாபாடே, வரட்டும். என் வூட்டுல திருட என்ன இருக்கு, சட்டியா?" என்றார். பரவாயில்லை என்பதற்கு யாங்கோன் தமிழர்களின் சொல் அந்த 'யாபாடே'. அதை அத்தனை கனமாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பாட்டில் பதில் யார் சொல்வது? செல்வம் போவதற்கு முன் ஒத்திகையில் பிடித்து வைத்திருந்த அவன் குரலை வெட்டி எடுத்து வைத்துவிடலாம் என்றார் கோ மின். அது சுலபம், ஒரு குறையும் தெரியாது.

"அது அன்னைக்கு வந்தவன் கோ மின். நான் இன்னைக்கு வந்துட்டியான்னு கேக்குறேன்," என்றார் அக்கா.

பிறகு என்னைச் சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள். அக்கா வாயைத் திறந்ததுமே நான் "வந்துட்டேன்க்கா" என்று விட்டேன். "நான் கேக்கவே இல்ல, அதுக்குள்ள வந்து நிக்கிற. நீ கையை மட்டும் தட்டு," என்றார்.

கடைசியில் அந்த இடத்தைக் காலியாகவே விடுவது என்று முடிவு செய்தார். பாட்டில் மூன்று தடவை அந்தக் கேள்வி வரும். மூன்று தடவையும் எல்லோரும் வாத்தியத்தை நிறுத்திவிட்டு, செல்வம் பதில் சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும்.

"அமா, கேக்குறவங்க போன் கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போட்டுருவாங்க."

"போடட்டும். எனக்குக் காத்திருக்கணும்."

கோ மின் மைக்கைச் சரிசெய்யப் போய்விட்டார்.

இன்னொரு தொல்லை, சத்தம். கரண்ட் இருந்தால் ஒவ்வொரு மாடிக்காரரும் அடித்துப் பிடித்துத் தண்ணீர் பம்பு போடுவார். கரண்ட் இல்லாவிட்டால் கடை ஜெனரேட்டர்கள். இரண்டும் ஓய்வது, கடைகள் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கரண்ட் இல்லாத நேரத்தில் மட்டும்தான். ஜெனரேட்டர் அக்கா ஜெனரேட்டர் நிற்பதற்காக வாரம் முழுக்கக் காத்துக்கொண்டிருந்த வேடிக்கையைச் சொல்லி நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார். மைக்கெல்லாம் பாட்டரியில் ஓடும். அப்படி ஞாயிறு ஞாயிறாக மற்ற பாட்டுகளை முடித்துவிட்டு, 'வந்துட்டியா'வுக்கு வந்தோம்.

அன்று இருட்டத் தொடங்கியிருந்தது. செல்வம் உட்காரும் நாற்காலியை அக்கா தனக்கு எதிரே போட்டு வைத்திருந்தார். பாட ஆரம்பித்தார். முதல் தடவை கேட்டார்: வந்துட்டியா? நாங்கள் நிறுத்தினோம். அறையில் ஒரு சத்தமும் இல்லை. அக்கா அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார், நேரம் வந்ததும் அடுத்த அடியை எடுத்தார். இரண்டாம் தடவையும் அப்படித்தான். பதில் வராது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம்.

மூன்றாம் தடவை குரல் உடைந்து கேட்டார். நாங்கள் நிறுத்தினோம். அந்த நேரத்தில் கரண்ட் வந்தது.

கரண்ட் வந்தால் யாங்கோன் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. சின்னவர் பெரியவர் எல்லோரும் ஒரே குரலில் "மீ லாப்பி!" என்று கத்துவார்கள். வெளிச்சம் வந்துருச்சு என்று அர்த்தம். எங்கள் தெருவில் பர்மாக்காரர், தமிழர், பள்ளிவாசல் பக்கத்துக்காரர்கள், எல்லோருக்கும் அந்த ஒரு சொல்தான். அன்றைக்கும் எல்லா மாடிகளிலிருந்தும் கத்தினார்கள். திறந்திருந்த பால்கனி வழியாக அந்தக் கூச்சல் முழுவதும் மைக்கில் வந்து விழுந்தது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது.

பாழாய்ப் போச்சு என்று கோ மின் தலையில் கை வைத்தார். அக்கா நிறுத்தவில்லை. நாற்காலியிலிருந்து கண்ணை எடுத்துப் பால்கனியைப் பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் வழிய வழியக் கடைசி அடியைப் பாடினார். அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"அடுத்த வாரம் திரும்ப எடுத்துக்கலாம் அமா," என்றார் கோ மின்.

"எதுக்கு? கேட்டேன், பதில் சொன்னாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

அப்படியே வெளியிட்டார்கள். முதல் நாள் நிறையப் பேர் போனைத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் வடைக்கடையில் நிற்பவர்கள் அந்த இடம் வந்ததும் தாங்களாகவே "வந்துட்டேன்க்கா" என்று சொல்லப் பழகிவிட்டார்கள். டை கட்டியவரும் சொன்னார். அக்கா எல்லோருக்கும் நல்ல வடையே கொடுத்தார், ஆனால் யாருடைய பதிலையும் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை, நான் கடை திறக்கப் போனபோது, அக்கா போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். தெரியாத நம்பரிலிருந்து ஒரு குரல் பதிவு. சுற்றிலும் ஜெனரேட்டர்கள், ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த துணிக்கடைக்காரர் ஏதும் கேட்காமல் தன் ஜெனரேட்டரை அணைத்தார். அதைப் பார்த்து எதிர்க்கடைக்காரர் அணைத்தார். ஒவ்வொன்றாக நின்று, தெரு முழுவதும் அமைதியானது.

அக்கா அந்தக் குரல் பதிவைத் திரும்பப் போட்டார். ஏதோ ஒரு ஓட்டல் சமையற்கட்டு, பாத்திரச் சத்தம், அதற்கு நடுவே எங்கள் பாட்டு. அக்காவின் குரல் கேட்டது: வந்துட்டியா? வெறுமை. பிறகு, தகரக் கூரையில் மழை மாதிரி, "வந்துட்டேன்க்கா. மலேசியா வந்துட்டேன். போன் போயிருச்சு. நல்லா இருக்கேன்."

சட்டியில் வடை கருகிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"அரைத் தாளம் பிந்திட்டான்," என்றார் அக்கா. "மூச்சும் பத்தல. சாப்பிடுறதில்லபோல." அப்புறம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, இத்தனை மாதம் அழாததையெல்லாம் சேர்த்து, ஜெனரேட்டர் இல்லாத தெருவில் முழுக் குரலில் அழுதார். துணிக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். நானும் அழுதேன், சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

செல்வம் இன்னும் அங்கேதான் இருக்கிறான். வாரம் தவறாமல் பேசுகிறான், எப்போது வர முடியும் என்று யாருக்கும் தெரியாது. சாவி இன்னும் கயிற்றில் தொங்குகிறது, திருடன் வரவில்லை. சாயங்காலம் கடை மூடிவிட்டு நான் பஸ் நிறுத்தத்துக்கு நேர்வழியில் போவதில்லை. சுற்றிக்கொண்டு அந்த வீட்டுப் பக்கம் போய், கயிற்றை இழுத்துவிட்டு நிற்பேன். நாலாம் மாடியிலிருந்து, தலை தெரிவதற்கு முன்னாலேயே குரல் வரும்.

"மணியைக்கூடத் தாளத்துக்கு முந்தி அடிக்குற ஆளு நீ ஒருத்தன்தான்டா! சாப்ட்டியா?"

அதைக் கேட்காவிட்டால் எனக்கு வீட்டுக்குப் போக மனசு வருவதில்லை.