அனுபவம் தேடிப் போன அஞ்சலை முயல்

ஒரு காட்டில் மரங்களைவிட எழுத்தாளர்கள் அதிகம். மழை பெய்தால்தான் எழுத வரும் என்று மயில் சும்மா இருந்தது. காதல் தோல்வி வந்தால்தான் எழுத முடியும் என்று கரடி காத்திருந்தது. அதை யாருமே காதலிக்காததால் தோல்வியும் வந்தபாடில்லை.

அங்கே அஞ்சலை என்று ஒரு முயல். பெயருக்குத்தான் அஞ்சலை; சருகு அசைந்தாலே புதருக்குள் ஓடிவிடும். ஆனால் பாருங்கள், அதுதான் உட்கார்ந்து ஒரு நாவலை எழுதி முடித்தது. புலி விழுங்கிய ஒரு முயல், அந்த வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற கதை. மான்கள் கேட்டுவிட்டு அழுதன. இருந்தாலும் நரி முன்னுரை தந்தால்தான் அந்தக் காட்டில் புத்தகம் வெளிவரும். எழுத்துப் பட்டறை நடத்துவது நரிதானே.

நரி கதையைக் கேட்டுவிட்டு மீசையைத் தடவியது.

"நல்லாத்தான் எழுதுற, தங்கச்சி. ஆனா அனுபவம் பத்தல. புலி வயித்துக்குள்ள போயிருக்கியா?"

"இல்லண்ணே."

"அதான் கதையில உயிர் இல்ல. ஒரு தடவை போயிட்டு வந்து எழுது."

"போனா வர முடியுமாண்ணே?"

"திரும்பி வர நினைக்கிறவ எழுத்தாளரே இல்ல."

முன்னுரை ஆசை யாரை விட்டது? அஞ்சலை நடுங்கிக்கொண்டே புலியின் குகைக்குப் போனது.

"ஐயா, என்னை ஒரு தடவை முழுங்கித் துப்ப முடியுமா? நாவலுக்காகத்தான்."

புலி எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தது. "முழுங்கிப் பழக்கம் உண்டு. துப்பிப் பழக்கம் இல்லம்மா. அதுவும் இப்ப நான் விரதம்."

"எதுக்குங்கய்யா?"

"கவிதைக்கு. வயிறு காஞ்சாத்தான் வார்த்தை வரும்னு நரி சொல்லியிருக்கான். நான் அடிக்கிற மானையெல்லாம் அவன்தான் பொறுப்பா எடுத்துட்டுப் போறான்."

"வார்த்தை வந்துச்சுங்களா?"

"'பசி'ன்னு ஒண்ணு வந்திருக்கு."

புலி நாவலைப் படிக்கச் சொன்னது. விழுங்குகிற அத்தியாயம் வந்ததும் அதன் வாயில் எச்சில் ஊறியது.

"அருமையா எழுதியிருக்கியேம்மா. கேக்கக் கேக்கப் பசிக்குது" என்று எழுந்து நின்றது.

அனுபவ ஆசையெல்லாம் அஞ்சலைக்கு அந்த நிமிடமே போய்விட்டது. "ஐயா, அவசரப்படாதீங்க. புலி வயித்தைப் பத்தி நான் எழுதினதுல உயிர் இல்லன்னு நரியண்ணன் சொல்றாரு."

"அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அதாங்க எனக்கும் தெரியல."

அந்த நேரம் பார்த்து நரி வந்தது. முதலில் தொப்பை வந்தது. பின்னால் நரி வந்தது.

"என்ன தங்கச்சி, இன்னும் உள்ள போகலையா?"

புலி அந்தத் தொப்பையையே பார்த்தது. "நீதான் ஒரு தடவை போய்ப் பார்த்துச் சொல்லேன்."

"ஐயா, நான் வெறும் விமர்சகன்..."

"அனுபவம் இருந்தா இன்னும் நல்லா விமர்சிக்கலாம்."

ஒரே விழுங்கு.

அஞ்சலை மெதுவாகப் போய்ப் புலியின் வயிற்றில் காது வைத்தது. "அண்ணே, உள்ள எப்படி இருக்கு?"

"இருட்டா இருக்கு, தங்கச்சி. வழுக்குது."

"நானும் அப்படித்தானே எழுதியிருந்தேன்?"

உள்ளே நரி தொண்டையைச் செருமியது. அப்புறம் பதில் வந்தது.

"வருணனை கொஞ்சம் அதிகம்."

நீதி: எழுத்தாளராவதற்கு அனுபவம் தேவையில்லை, கொலைப்பசியோடு ஒரு வாசகர் இருந்தால் போதும்.