நாலு சுற்று

கம்ப்யூட்டர் திரையைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறவர்களைக் கண்டால் இன்றும் எனக்குப் பயம். நானும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவள்தான்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். ஒவ்வொரு மெயிலின் தலையிலும் அனுப்பியவர், பெறுநர், நகல் யார் யாருக்கு என்று ஏழெட்டு வரிகள் வந்து என் சின்னத் திரையில் பாதியை அடைத்துக்கொள்ளும். ஓரத்தில் ஒரு குட்டி அம்புக்குறி இருந்தது. அமுக்கினேன். அத்தனையும் மடங்கி, அனுப்பியவர் பெயர் மட்டும் நின்றது. (அன்றைக்கு என் கம்ப்யூட்டர் ஞானத்தைப் பற்றி வீட்டில் அரை மணி நேரம் பேசினேன். யாரும் கேட்கவில்லை.)

மறு வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கிடங்கிலிருந்து செல்லம் அக்கா மெயில் போட்டிருந்தார். துணி உறுத்தாமல் இருக்குமா என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கிறாராம். அவர் கேட்பது இது நாலாவது தடவை. எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா எனக்கு மட்டும்தானே அனுப்பியிருக்கிறார் என்ற தைரியத்தில், ஆங்கில எழுத்தில் தமிழைக் கொட்டினேன்.

"இந்தத் துணிய அந்தாளு தலையில நாலு சுத்து சுத்தி விடணும்க்கா. அப்பதான் தெரியும். நம்ம முதலாளியும் எல்லாத்துக்கும் தலையாட்டுதாரு."

எழுதிவிட்டு, 'எல்லோருக்கும் பதில்' பொத்தானை அமுக்கினேன். எப்போதும் அதைத்தான் அமுக்க வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. உத்தரவை மீறும் பழக்கம் எனக்கில்லை.

சற்று நேரத்தில் முதலாளி என் மேசைக்கே வந்துவிட்டார்.

"அந்த அம்பைத் தொடும்மா."

தொட்டேன். மடங்கியிருந்த வரிகள் விரிந்தன. நகல் பட்டியலில் முதலாளி இருந்தார். வாடிக்கையாளர் இருந்தார். அவருடைய உதவியாளர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். அதற்குள் வாடிக்கையாளரின் பதிலும் வந்திருந்தது: 'இதை யாராவது மொழிபெயர்த்துச் சொல்ல முடியுமா?'

அந்த ஆர்டர் போனால் கிடங்கில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. நான் சேர்ந்தே இருபது நாள்தான் ஆகியிருந்தது.

"நாளையிலருந்து நான் வரலைய்யா" என்று அழுதேன்.

"செத்த நேரம் சும்மா இரு" என்று சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து தட்டினார். எட்டிப் பார்த்தேன். 'தலைக்காயத்துக்கு நாலு சுற்று சுற்றினாலும் எங்கள் துணி உறுத்தாது என்கிறாள் எங்கள் பெண். நானும் தலையசைக்கிறேன்.'

மத்தியானம் பதில் வந்தது. சுற்றிக் காட்டிப் படம் அனுப்ப வேண்டுமாம்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். நான் பேண்டேஜ் ரோலோடு பின்னால் போய் நின்றேன்.

"சுத்தும்மா. நாலு போதுமா, இல்ல எனக்குன்னு தனியா ரெண்டு வச்சிருக்கியா?"

அழுதுகொண்டே சிரித்தேன். என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். யாரும் தப்பென்று சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த மனுஷன் எனக்காகத் தன் தலையையே கொடுத்தார். இன்று அந்தக் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் அதற்கு அந்தத் தலைதான் காரணம். ஆர்டர் நிலைத்தது. தலைக்கட்டுக்கென்று தனி ரோலும் சேர்த்துக் கேட்டார்கள். கட்டுப்போட்ட முதலாளி இன்றும் எங்கள் விலைப்பட்டியலின் முதல் பக்கத்தில் சிரிக்கிறார்.

அந்த அம்பை நான் அப்புறம் மடக்கியதே இல்லை. ஆனால் வாய்க்கு அம்பு கிடையாதே. போன வாரம் மாமியாரைப் பற்றிக் கணவரிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, நகல் யாருக்குப் போகுதுன்னு பாத்தியா?" என்றார் அவர்.

திரும்பினேன். காபி டம்ளரோடு மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு எத்தனை சுத்து தாயி?"